லானியின் கையிலிருந்து வாங்கிய மெழுகுதிரி

போன வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த ஒரு சீனத்து அம்மா கைப்பையைத் திறந்து, சின்னப் பச்சைக் குப்பி ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு முழங்காலில் தேய்த்தார். யூகலிப்டஸ் தைலம் மாதிரி, ஆனால் அதைவிடக் காரமான வாசம். நெற்றியில் திருநீறும் மடியில் அர்ச்சனைப் பழமுமாக முருகனை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மாவின் மேல் இல்லை, பாவம். இது பழைய கோபம். நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அது.

அந்தத் தைலம் லானியின் தைலம். லானியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுபதுகளில் இந்தோனேசியாவின் பெண்கள் பட்மின்டன் சாம்பியன். அவருடைய நாட்டில் சின்னப் பிள்ளையும் பெயர் சொல்லுமாம். நான் அவரைக் கண்டது எண்பதுகளின் கடைசியில், கிழக்கு லண்டனில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் கன்டீனில். நான் அங்கே ரொட்டிக்கு வெண்ணெய் பூசுகிற வேலையில் இருந்தேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்?

முதல் நாள் அவர் ஜன்னலடிக்கு ஒரு நீட்டுக் குழாயோடு வந்து, "சிஸ், ஸ்டீம் ப்ளீஸ்" என்றார். கேத்திலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குழாயின் மூடியைக் கழற்றி ஆவிக்கு மேலே பிடித்தார். உள்ளே வெள்ளை இறகுப் பந்துகள். இறகு காய்ந்தால் ஒடிந்துவிடும், ஆவி பிடித்தால் அடி தாங்கும் என்று கையால் காட்டி விளக்கினார். எங்கள் வீட்டில் தடிமன் வந்தால்தான் ஆவி பிடிப்பது. பந்துக்கும் தடிமன் வருமாக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். என் அறிவு அவ்வளவுதான். ஆனால் நனைந்த இறகும் அந்தத் தைலமும் கலந்த வாசம் அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று.

என்னுடைய இங்கிலீஷ் ஒரு கால் நொண்டி, அவருடையது மறு கால் நொண்டி. இரண்டும் சேர்ந்து நன்றாகவே நடந்தன. கன்டீனில் ஆள் இல்லாத நேரங்களில் அவர் கதை சொல்வார். ஜாவாவில் சின்ன ஊர். தகப்பனுக்குச் சைக்கிள் திருத்தும் கடை. கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில், வலைக்குப் பதிலாகக் கயிறு கட்டி விளையாடிய பிள்ளை. பிறகு தலைநகரத்துப் பயிற்சி முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். விடியப்புறம் எழும்பி மைதானத்துப் படிகளில் ஏறி இறங்கி ஓட்டம். வீட்டை நினைத்து அழுதால் அதற்கும் ஒரு சுற்று ஓட்டம். நாட்டுக்காகக் கோப்பை வென்றுவந்தபோது திறந்த ஜீப்பில் ஏற்றி ஊர்வலம் விட்டார்களாம், தெருவெல்லாம் கொடியாம்.

அதே ஆளிடம்தான், பாஸ்போர்ட் எடுக்கப் போகிற நேரமெல்லாம், 'நீ இந்த நாட்டவள் என்பதற்கு அத்தாட்சி எங்கே?' என்று கேட்பார்களாம். பாட்டன் சீனாவிலிருந்து வந்தவர் என்பதுதான் குற்றம்.

"கப் வாங்கினால் நான் இந்தோனேசியன். கவுண்டரில் நின்றால் சைனீஸ்" என்று சொல்லிவிட்டு லானி சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. எங்கள் ஊரில் ஆமிக்காரனுக்கு அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்ற சனமல்லவா நாங்கள்?

பிறகு ஒரு பெரிய இறுதி ஆட்டத்தில் எழும்பி அடித்துவிட்டு இறங்கும்போது முழங்கால் பிசகி, ஆட்டம் அதோடு நின்றுபோயிற்று. அந்தக் காலுக்குத்தான் தைலம். ஒரு இங்கிலீஷ்காரக் கப்பல் எஞ்சினியரைக் கல்யாணம் கட்டி லண்டனுக்கு வந்தார். நல்ல மனுசனாம், படம் காட்டியிருக்கிறார். சில வருடத்தில் மாரடைப்பில் போய்விட்டார். இவர் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பட்மின்டன் பழக்கத் தொடங்கினார்.

என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, எனது ஷிப்ட் முடியும்வரை கன்டீனில் தூங்கி விழுவாள். லானி ஒருநாள் அவளுடைய கையில் ராக்கெட்டைக் கொடுத்தார். அவளைப் பார்த்து அவளுடைய சிநேகிதிகள் வந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகம் வந்தது. செவ்வாய்க்கிழமை மண்டபம் முழுக்க இரட்டைப் பின்னல் தலைகள். "பந்தைப் பார்க்காதே, எதிராளியின் தோளைப் பார்" என்று லானி கத்துவார். சாம்பியனின் குரலல்லவா, கன்டீனில் கோப்பைகள் அதிரும்.

தாய்மார் வடையோடு வந்து சுவரோர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தாய் சொன்னா, "இப்பிடி ஓடினா பிள்ளை கறுத்துப்போகுமெல்லே. பிறகு ஆர் கட்டுவினம்?"

"அக்கா, இது மண்டபம். மேல கூரை கிடக்கு" என்றேன்.

"ஓம், அது சரிதான்" என்று இன்னொரு வடையை எடுத்தா.

அந்தப் பிள்ளைகள்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோர்ண்டன் ஹீத்தில் நடந்த கழகங்களின் போட்டியில் கோப்பை எடுத்தார்கள். கழகத்தார் குதித்தார்கள். ஆண்டு விழாவுக்கு லானிதான் பிரதம விருந்தினர் என்று நோட்டீசும் அடித்தார்கள். லானிக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்திருக்கவேண்டும். விளக்கு ஏற்றுவது எப்படி, செருப்பைக் கழற்றவேண்டுமா, எந்தக் கையால் என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். விழாவுக்குத் தன் நாட்டுச் சரிகைச் சட்டையும் சாரமும் உடுத்து வந்தார். அந்த முழங்காலோடு மேடைப் படியை ஒவ்வொன்றாக ஏறினார். குத்துவிளக்கின் முன்னே நின்றதும் யாரோ மெழுகுதிரியைக் கொளுத்திக் கையில் கொடுத்தார்கள்.

கழகத் தலைவரின் மனைவி எழும்பி வந்தா. சிரித்த முகத்தோடு அந்த மெழுகுதிரியை லானியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டா. இன்னும் தன்னுடைய முறை வரவில்லையாக்கும் என்று நினைத்து லானியும் சிரித்தார். தலையைக் குனிந்து கும்பிட்டு ஒதுங்கி நின்றார். அந்தக் கும்பிடுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் மேடைக்கு ஏறிவிட்டேன். "என்ன அக்கா செய்யிறியள்?"

"கோவியாதை தங்கச்சி. அவ புருசன் செத்தவவெல்லே. நல்ல காரியம், அவ கொளுத்தினா சரிவராது. பரிசைக் குடுக்கட்டும், அது பரவாயில்லை."

"பிள்ளையளுக்குப் பழக்கேக்க அவவின்ர தாலி எங்கை எண்டு கேட்டனியளோ?"

தலைவர் வந்தார். "சத்தம் போடாதை பிள்ளை, சனம் பாக்குது."

"பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்!"

"கன்டீன்காரியின்ர வாயைப் பார்" என்று முன்வரிசையில் ஒரு குரல். கீழே நின்று மகள், "அம்மா, ப்ளீஸ், கம் டவுன்" என்று அழுதாள். மைக்கில் யாரோ அவசரமாகத் தமிழ்த்தாய் வணக்கம் என்றார்கள். திரி எல்லாம் எரிந்தது. லானி ஏற்றவில்லை.

வெள்ளிக்கிழமை விரதமும் கந்தசட்டி உபவாசமும் தவறாதவள் நான். அந்த விளக்கு எனக்கும் சாமிதான். அதனால்தான் கேட்கிறேன். கைம்பெண் கையால் வாங்கமாட்டேன் என்று எந்த முருகன் இவர்களிடம் வந்து சொன்னான்? பிள்ளை இல்லாதவளுக்கும் புருசன் இல்லாதவளுக்கும் அவனை விட்டால் வேறு யார்?

நடந்தது என்ன என்று லானி என் மகளிடம் கேட்டார். லண்டனில் வளர்ந்த பிள்ளைக்கு மூடி மறைக்கத் தெரியாது. உள்ளதை இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். லானி தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"அங்கே பேப்பர் கேட்டார்கள்" என்றார் என்னிடம். "இங்கே ஹஸ்பண்ட் கேட்கிறார்கள்."

அப்படிச் சொன்னவர் எழும்பிப் போய்விடவில்லை. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களே. ஒவ்வொருத்தியின் கொலரையும் நிமிர்த்திவிட்டு, ஒவ்வொருத்தியின் பெயரையும் சொல்லிக் கோப்பை கொடுத்தார். கடைசியில் கழகத்தார் போர்த்திய பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, படியில் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் வந்தார்கள், லானி வரவில்லை. நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். பிள்ளைகள் மேல் கோபமில்லை, ஆனால் அந்தத் தாய்மாரின் கண்ணுக்கு முன்னால் இனி நிற்க மனமில்லை என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ ஏன்?" என்று என் கையைத் தட்டினார். அந்த வருடமே ஹொலண்டில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். பிறகு ஒரு தகவலும் இல்லை.

தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "கோச்தானே, வேற ஆளைப் பிடிப்பம்." பிடித்தார்கள். ஒருவரும் தங்கவில்லை. பிள்ளைகளுக்கு டியூசன் வந்தது, பரதநாட்டியம் வந்தது, ஒவ்வொருத்தியாகக் குறைந்தார்கள். என் மகள் ராக்கெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டாள். நாட்டின் சாம்பியன் ஒருவர் தானாக வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கால் வைக்கப் பழக்கினார். ஒரு திரிக்கு நெருப்பு வைக்க விடாமல் அனுப்பிவிட்டோம்.

தலைவர் போன வருடம் காலமாகிவிட்டார். பிறகு நடந்த விழாவில் அவருடைய மனைவியைக் கண்டேன். வெளிர் சேலையோடு கடைசி வரிசையில் இருந்தா. விளக்கேற்றப் பெண்களைக் கூப்பிட்டபோது தலையைக் குனிந்தா. சந்தோசப்படலாம் என்று போனவள்தான் நான், ஆனால் சந்தோசம் வரவில்லை. கிட்டப்போய்க் கையைப் பிடித்தேன். "எழும்புங்கோ அக்கா. வந்து கொளுத்துங்கோ."

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. சனம் என்ன சொல்லும்?"

"சனம் எண்டது ஆர் அக்கா? நீங்களும் நானும்தானே?"

கையை உருவிக்கொண்டா. நான் எவ்வளவு சொல்லியும் எழும்பவில்லை.

அந்த மண்டபத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கன்டீன் இல்லை, செவ்வாய்க்கிழமைச் சத்தம் இல்லை. ஹொலண்டில் லானி இருக்கிறாரோ இல்லையோ, அதுவும் தெரியாது. இவ்வளவும் இந்த ஊரை விட்டுப் போய்விட்டன. கைம்பெண் கை ஆகாது என்கிற, போய்த்தொலைய வேண்டிய அந்தச் சாத்திரம் மட்டும், பட்டுச்சேலை உடுத்து, ஒவ்வொரு விழாவிலும் முன்வரிசையில் இருக்கிறது.