யாரும் உட்காராத நாற்காலிக்கு வாடகை

2023 ஜூலை 6, வியாழக்கிழமை, காலை 7.41. மழை, கூடவே காற்று. பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலில் ஒரு தென்னை மட்டை விழுந்து, இணைய ஒயரையும் இழுத்துக்கொண்டு போனது. என் மடிக்கணினித் திரையில் அப்போது எட்டு முகங்கள் இருந்தன. எட்டும் அப்படியே நின்றுபோயின. ஒருவர் வாய் திறந்தபடி, ஒருவர் மூக்கைச் சொறிந்தபடி. ஐந்து வாரங்களில் இது மூன்றாவது தடவை.

எனக்கு எழுபத்தொரு வயது. முப்பத்து நான்கு வருடம் சிங்கப்பூரில் சரக்குக் கப்பல் கணக்குகளைச் சரிபார்த்தேன். குடியுரிமையும் அங்கேதான். மனைவியின் ஊர் இந்தப் பக்கம். அவள் இறந்து இரண்டு வருடம் கழித்து, அவளுடைய தம்பி கூப்பிட்டதால் இங்கே வந்துவிட்டேன். சட்டப்படி நான் இங்கே வெளிநாட்டான். மச்சினன் வீட்டில் கல்யாணம் வந்தால் மட்டும் உள்நாட்டான்.

பழைய நிறுவனம் எனக்குப் பகுதிநேர வேலை கொடுத்திருந்தது. கணக்கை அவர்கள் அனுப்புவார்கள், நான் பார்த்துத் திருப்பி அனுப்புவேன். சம்பளத்தை நம்பி நான் இல்லை. வியாழக்கிழமை கூட்டத்தை நம்பி இருந்தேன். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே ஏழரை. நாற்பது நிமிடம் நடக்கும். என் முறை நான்கு நிமிடம். அதில் முதல் ஒரு நிமிடம், "எப்படி இருக்கிறீர்கள் அங்கிள், சாப்பிட்டீர்களா?" என்று எட்டுப் பேரும் கேட்பார்கள். வாரத்தில் என்னை அப்படிக் கேட்பவர்கள் வேறு யாரும் இல்லை. மச்சினன் கேட்பார், ஆனால் பதிலுக்கு நிற்கமாட்டார். தோப்பில் ஆள் காத்திருக்கும்.

அன்று பிற்பகல் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். முப்பது வயதுப் பெண். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அக்டோபர் கடைசியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வெளியே இருந்து வேலை செய்பவர்களின் இணைப்பு அறுபடக் கூடாது, பின்னால் சத்தம் வரக் கூடாது என்று மேலிடத்தில் கறாராகச் சொல்கிறார்கள். "வீட்டில் முடியவில்லை என்றால் நாற்காலியை வாடகைக்கு விடும் பொது அலுவலக இடம் ஏதாவது பாருங்கள் அங்கிள்" என்றார்.

பார்த்தேன். ஐந்து விஷயங்களுக்குத் தலா பத்து மார்க் என்று வைத்துக்கொண்டேன்: காலை ஏழுக்குத் திறக்குமா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, நாற்காலிக்கு முதுகு எப்படி, கழிவறை எத்தனை அடி தூரம், சத்தம் எவ்வளவு.

முதல் இடத்தை மச்சினனே காட்டினார். தமிழ்நாட்டு எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பால் சொசைட்டிக்கு மேல்மாடி. ஆறு மேஜை, ஏசி, புது ஜெனரேட்டர்.

"ஏனுங்க மச்சான், இதுக்குப் போயி பாலக்காடு, எர்ணாகுளம்னு அலையோணுங்களா? ஏழு மணி என்னங்க, அஞ்சரைக்கே தொறந்து கெடக்கும்" என்றார்.

ஏழே காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கீழே பால் கேன்கள் உருண்டன. செக்போஸ்ட்டில் நின்ற லாரிகள் ஹார்ன் அடித்தன. பத்து நிமிடத்தில் பதினான்கு. பால் ஊற்ற வந்த ஒரு பெண் மாடிப்படியில் ஏறி வந்து, "கணக்குப் பாக்க வந்தவிங்களா? எந்தூருங்க? ஊட்டுல எல்லாரும் சுகந்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கினாள். அரை மணி நேரத்தில் அப்படி ஐந்து பேர் வந்து விசாரித்தார்கள். அதையும் தொந்தரவுக் கணக்கில் சேர்த்தேன்.

"சத்தத்துக்கு ரெண்டு மார்க்தான் மாப்ள" என்றேன்.

"பாலு ஊத்தறவிங்க வாயத் தெச்சுக்கிட்டா வருவாங்க? நீங்க ஒண்ணு!" என்றார் மச்சினன்.

இரண்டாவது, மூணாறிலிருந்து போடிமெட்டு போகும் சாலையில். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை, மலையைப் பார்த்தபடி வேலை செய்யும் இடமாக மாற்றியிருந்தார்கள். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேர எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. ஐந்து இரவு எடுத்தேன். பன்னிரண்டு மேஜைகளில் ஆள் இருந்தது ஒன்றில். அந்த ஆள் நான்.

சமையலுக்கு இருந்த அம்மாள் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். "ஐயா தனியாவா வந்திய? சனி, ஞாயிறுன்னா இங்கன கால் வைக்க எடம் இருக்காது, பாத்துக்கிடுங்க. செவ்வாக்கெழம எவன் வருவான்? மஞ்சுதான் வரும்" என்றார். மஞ்சு என்று அவர் சொன்னது மூடுபனியை. சொன்னபடி அது வந்தது. ஜன்னலைச் சாத்தாவிட்டால் மேஜை வரைக்கும் வந்தது.

வியாழக்கிழமை கூட்டம் ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. பின்னால் தெரிந்த மலையை எட்டுப் பேரும் புகழ்ந்தார்கள். 8.10க்கு முடிந்தது. மறுநாள், இணைப்பைச் சோதிக்கிற சாக்கில், அதே கூட்டத்துக்கான முகவரியைத் திறந்து உள்ளே போனேன். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். திரை முழுக்க என் முகம் மட்டும் இருந்தது. பதினொரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன். சத்தத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். ஒரு இரவுக்கு ஆயிரத்து நானூறு என்று கேட்டதால் கட்டுபடியாகாது என்று இறங்கி வந்துவிட்டேன். மச்சினனிடம் அந்தக் காரணத்தைத்தான் சொன்னேன்.

மூன்றாவது பாலக்காடு டவுனில், இரண்டாம் மாடியில் ஒரு ஹால். இருபத்தாறு நாற்காலி. முன் மேஜையில் இருந்த பெண் பழைய அக்கிரகாரத் தமிழ்க் குடும்பம். ஹாலின் சாவி அவளிடம்தான்.

"ஒம்போது மணிக்காக்கும் மாமா தொறக்கறது. நீங்க ஏழு மணிக்கே வருவேளா?"

"வியாழக்கிழமை மட்டும் வந்தாகணும்."

"ஆத்துலேருந்து நடந்தா பத்து நிமிஷம். நான் வந்து தொறந்துடறேன். மாசம் ஆயிரம் கூடுதலாப் போடுவா. ஆயிக்கோட்டேயா?" என்று மலையாளத்தில் முடித்தாள். ஆகட்டும் என்றேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர்ந்தேன். நாற்காலி மாதம் 4,500. சுவர் ஓரமாக, வலது பக்கம் சுவர் வருகிற மாதிரி எடுத்தேன். எனக்கு இடது காது முக்கால்வாசி கேட்காது. அந்தப் பக்கம் யார் பேசினாலும் எனக்குத் தொந்தரவு இல்லை என்று கணக்குப் போட்டேன். மைக்குக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன். என் முறை நடந்துகொண்டிருந்தது. எட்டு முகங்களும் திடீரென்று சிரித்தன. "யார் அங்கிள் அது?" என்றார் மேலாளர். திரும்பிப் பார்த்தேன். இடது பக்கத்து நாற்காலியில் இருபத்தாறு வயது இருக்கும் ஒரு பையன், தொலைபேசியில் யாரிடமோ பேசி, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரன், பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்பவன். அன்று அவனுக்கும் சீக்கிரம் வேலை இருந்ததாம். மேலாளரும்தான் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்தபின் எதையோ குறித்துக்கொண்டது போல எனக்குத் தோன்றியது.

கூட்டம் முடிந்ததும் முன் மேஜைக்குப் போனேன்.

"பக்கத்து நாற்காலியையும் எனக்கே போட்டுடும்மா."

"ரெண்டு சீட்டா? யார் வரப்போறா மாமா?"

"யாரும் வரக் கூடாது. அதுக்குத்தான்."

அவள் சிரிக்காமல் கணினியைப் பார்த்தாள். "பேர் போடாம சீட் எடுக்காது மாமா. ஒரே பேர்ல ரெண்டும் போடவும் ஒக்காது. வேற ஒரு பேர் சொல்லுங்கோ."

வாயில் வந்த பெயர் என் மனைவியுடையது. அதைச் சொன்னேன். அரை மாதத்துக்கு 2,250 கட்டினேன். மறுநாள் காலை, பக்கத்து மேஜையில் அவள் பெயர் அச்சடித்த அட்டை ஒட்டியிருந்தது. பையனை நாலு மேஜை தள்ளி மாற்றியிருந்தார்கள்.

அதன்பிறகு ஹாலில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. "ஆண்ட்டி எப்ப வருவாங்க?" என்று போகிறபோக்கில் கேட்டார்கள். நான் கையை ஆட்டினேன். அந்தக் கையாட்டலுக்கு என்ன பொருள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஓணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஹாலில் விருந்து. தலைக்கு 350. நாற்காலிக் கணக்கில் வசூலித்ததால் என்னிடம் எழுநூறு வாங்கினார்கள். நடுவில் பூக்களம் போட்டு, மேஜைகளைச் சேர்த்து இலை போட்டார்கள். எனக்கு ஒன்று, எனக்கு இடது பக்கம் ஒன்று. பரிமாறியவர் இரண்டிலும் உப்பேரி, அவியல், காளன் என்று வைத்துக்கொண்டே போனார். இருபத்தொரு பதார்த்தம். நான் பக்கத்து இலையில்தான் எண்ணினேன்.

பையன் தாமதமாக வந்தான். நின்று இடம் தேடினான்.

"ஏனுங்க அங்கிள், இந்த எலைக்கு ஆளு வருதுங்களா?"

"இல்ல. உக்காருப்பா."

உட்கார்ந்தான். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து பேசினான். எனக்கு இடது பக்கம் என்பதால் நாலில் ஒன்றுதான் கேட்டது. ஏதோ மாடு, ஏதோ மேனேஜர், அவனுடைய அக்கா கல்யாணம். இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கேயும் என் வலது பக்கம் சுவர்தான். தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டேன். பக்கத்தில் ஒருவர் கை இலைக்கும் வாய்க்கும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது. பிரதமன் பாயசத்தை இரண்டாம் தடவையும் வாங்கினேன். சர்க்கரை இருக்கிறது, வாங்கக் கூடாது.

பிறகு அவன் என் பக்கம் சாய்ந்து சத்தமாகக் கேட்டான். "ஆண்ட்டிக்கு ஓணம் ஆகாதுங்களா? வரவே மாட்டேங்கறாங்க?"

"அவ இல்லப்பா. நாலு வருஷம் ஆச்சு."

அவன் கை சோற்றிலேயே நின்றது. "அப்ப அந்த சீட்டுங்க?"

"நீ ஃபோன்ல சிரிக்கிறது சிங்கப்பூர் வரைக்கும் கேக்குது. அதுக்கு."

 வெடித்துச் சிரித்தான். "என்ற சிரிப்புக்கு மாசம் நாலாயிரத்தஞ்சூறா! எங்கம்மாகிட்டச் சொன்னா நம்பமாட்டாங்க அங்கிள்! பாதிய எனக்குக் குடுத்திருந்தா நான் வாயவே தொறந்திருக்க மாட்டேனுங்களே!" நானும் சிரித்தேன். எதிர் மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓண விடுமுறை முடிந்ததிலிருந்து அவன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ப் பேசினான். கதவைச் சாத்திக்கொண்டான். என் மேஜையைத் தாண்டும்போது கையை மட்டும் உயர்த்துவான். விஷயத்தை அவன் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். ஆண்ட்டியைப் பற்றிய விசாரிப்பு நின்றது. என் பக்கம் வரும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பெயர் எழுதிய அட்டையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். துக்க வீட்டில் நடப்பது மாதிரி நடந்தார்கள். எல்லாம் நல்ல மனசுதான். இப்படி வேண்டாம், வழக்கம்போலப் பேசுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழுக்கே திறப்பதால் வியாழக்கிழமைகளில் சீக்கிரம் வருகிறவர்களும் இருந்தார்கள்; கூட்டத்துக்கு அந்த அமைதி தேவையாகவும் இருந்தது. செப்டம்பரில் ஒரு சத்தம்கூட மைக்கில் விழவில்லை. இரண்டு நாற்காலிக்கும் பணம் கட்டினேன். அக்டோபருக்கும் கட்டினேன். அந்த இரண்டு மாதத்தில் ஹாலில் என்னிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது முன் மேஜைப் பெண்தான்: "வந்தேளா மாமா", "கெளம்பறேளா மாமா".

அக்டோபர் 26, வியாழன். கூட்டம் முடிந்தபின் மேலாளர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். 

ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது என்றார். நவம்பரிலிருந்து புது மென்பொருள் வருகிறது. கணக்கைப் பார்த்து அதிலேயே ஏற்றிவிட்டால் போதும். "இனிமேல் நீங்கள் கூட்டத்துக்கு வர வேண்டாம் அங்கிள். விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்து வருகிறீர்களே என்று எங்களுக்கு மனசு கஷ்டமாகவே இருந்தது. நானே மேலே பேசி வாங்கினேன்."

நன்றி சொன்னேன். மற்ற ஏழு பேரிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். திரை அணைந்தபோது 8.19.

மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு முன் மேஜைக்கு வந்தேன்.

"நவம்பருக்கு ரெண்டும் போட்டுடட்டுமா மாமா?"

"வேண்டாம்மா. வீட்லயே பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"அச்சோ!" என்றாள். ஹாலுக்கு அன்று இன்னும் வேறு யாரும் வந்திருக்கவில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த ரெண்டாவது சீட் சும்மாதானே கெடந்தது மாமா? கொஞ்சம் பணம் திருப்பித் தருவாளான்னு ஓனர்கிட்டக் கேக்கட்டுமா?"

"கேக்காத. ஒரு நாள் ஒருத்தர் உக்காந்தார்" என்றேன்.

படியில் இறங்கும்போது கணக்குப் போட்டேன். அந்த நாற்காலிக்கு மட்டும், ஓணத்து இலையையும் சேர்த்து, பதினோராயிரத்து அறுநூறு ரூபாய்.