செலீன் அக்காவுக்காக நான் தின்ற பழங்கள்

தவளக்குப்பத்தில் பனங்கிழங்குக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றபோது போன் வந்தது. என் பேத்தி காவ்யா பேசினாள். "ஆயா, கெளம்பி வந்துடு. செலீன் ஆயா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் பேரத்தை முடித்தேன். எவ்வளவுக்கு முடித்தேன் என்று தெரியாது. பஸ் அரியாங்குப்பம் பாலத்தில் ஏறிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் படிக்கச் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் சின்னம்மா என்று அக்காவின் மகன் அந்துவான் கேட்டான். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நீங்கள் எல்லாரும் அக்காவைக் கோயிலில் பார்த்திருக்கிறீர்கள். கான்வென்ட்டில் தையல் சொல்லித் தந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், ஒரு மத்தியானம் அடுத்த வீட்டு அக்கா கதவைத் தட்டினார். கையில் ஒரு மாம்பழம், ஒரு கத்தி. இந்த வருசம் தெருவுக்கு வந்த முதல் பழம் இது, வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார், தனியாகத் தின்னப் பிடிக்கவில்லை என்றார். அவருடைய வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பழத்தைத் தின்றோம். கொட்டையை எனக்குத் தந்தார். அன்றிலிருந்து அது எங்களுக்குச் சட்டமாகிவிட்டது. எந்தப் பழம் புதிதாக வந்தாலும், முதலில் பார்த்தவள் வாங்க வேண்டும். இன்னொருத்தி வரும்வரை வாயில் வைக்கக் கூடாது.

சட்டத்தால் கஷ்டமும் உண்டு. ஒரு வருசம் மாம்பழம் சீக்கிரமே வந்துவிட்டது. அக்காவுக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரை இனிப்பைத் தொடமாட்டார். அதனால் நானும் தொடக் கூடாது. அரிசிப் பானைக்குள் வைத்த பழம் நாளுக்கு நாள் கருத்துக்கொண்டு வந்தது.

"தாங்குமாக்கா இது?" என்று கேட்டேன்.

"நம்மகூட அதுவும் நோன்பு இருக்கட்டும்டி, தனம்" என்றார்.

ஈஸ்டர் அன்று வெட்டினால் பாதி அழுகல். மீதிப் பாதியைப் போல ஒரு மாம்பழத்தை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை.

அவருடைய வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்துவான் அக்காவைப் பாரிசுக்குக் கூட்டிப் போனான். குளிர்காலம் முடிவதற்குள் அக்கா திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கடையில எல்லாப் பழமும் எல்லா நாளும் கெடக்குதுடி. எதுக்கும் காத்திருக்க வேணாம். நான் அங்க இன்னா பண்றது?"

அப்புறம் சர்க்கரை வந்தது. காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தது. லீவுக்கு வந்த அந்துவான் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துபோனான். அடுத்த ஆடியில் வருவேன், அப்போதும் சர்க்கரை இறங்கியிருக்காவிட்டால் டிக்கெட் போட்டுக் கூட்டிப் போய்விடுவேன், அழுதாலும் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரே பிள்ளை. ஆனால் அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

புரட்டாசியில் சீத்தாப்பழம் வந்தது. வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு அவர் வாசலைத் தாண்டினேன். அக்காவின் மூக்கு விடுமா? கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். "நீ தின்னு. எப்படி இருக்குதுன்னு சொல்லு. சொன்னா சக்கர ஏறாது" என்றார்.

ஒரு வாய் வைத்துவிட்டு, நல்லா இருக்குதுக்கா என்றேன்.

"அத ஊரே சொல்லும். அஞ்சாவது படிச்சவதானே, உள்ள ரெண்டு வார்த்த இல்லாமயா போவும்? எடு."

யோசித்தேன். ஈர மணலில் சர்க்கரையைக் கொட்டின மாதிரி முதலில் நறநறக்கிறது, அப்புறம் காய்ச்சின பால் ஆடை மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொட்டையைத் துப்பும் சத்தம்வரை கேட்டார்.

அந்த வருசம் முழுவதும் அப்படித்தான் போனது. கிறிஸ்துமஸ் கேக்கையும் நான்தான் தின்றேன். அதில் ரம் வாசனை வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நான் குண்டாகிக்கொண்டே போனேன். அவர் கேழ்வரகும் கீரையுமாக இளைத்தார். காவ்யா வாரா வாரம் வந்து விரலில் குத்திப் பார்ப்பாள். அவள் நர்சு. எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள்தான் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆடியில் அந்துவான் வந்தான். அவன் ரிப்போர்ட் வாங்கிவரப் போயிருந்த நேரத்தில் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவில் அன்றைக்குத்தான் பனம்பழம் வந்திருந்தது. சுட்டு எடுத்து, நாரை உறிஞ்சி உறிஞ்சி அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் மஞ்சள். உள்ளே நுழைந்த அந்துவானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சின்னம்மா, சாப்பிட முடியாதவங்கள எதிர்ல வெச்சிக்கிட்டு இப்படித் தின்றீங்களே, நல்லாவா இருக்குது?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "குறுக்க பேசாதடா. இப்பத்தான் நாருக்கு வந்திருக்கா."

காவ்யா அவன் கையிலிருந்து ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள். இறங்கியிருக்குது மாமா, இப்படியே இருந்தா போதும் என்றாள். அவன் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். டிக்கெட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"கையக் கழுவிக்கிட்டு வா. நீயும் ஒரு வாய் வெச்சிச் சொல்லு" என்றார் அக்கா.

வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து அவனும் உறிஞ்சினான். "சின்ன வயசுல நம்ம சமையக்கட்டு செவுத்த நக்கின மாதிரி இருக்குதும்மா" என்றான்.

"நக்கினது நெசந்தான். அதுக்கு ஒதையும் வாங்கின" என்று சொல்லி அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அவன் தனியாகத்தான் பாரிசுக்குப் போனான். ஐப்பசி மழையை அக்கா தன் ஜன்னலிலிருந்தே பார்த்தார். மார்கழிப் பனியில் சால்வை போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போனார். தையில் தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். இதற்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாடு பட்டோம். அதனால் எனக்கு மனக்குறை இல்லை.

அடக்கம் முடிந்து பாரிசுக்குப் புறப்படும்போது, அக்காவின் ஞாபகமாகச் சேலை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்துவான் சொன்னான். வேண்டாம் என்றேன். இப்போது மாசி பிறந்து வெள்ளரிப்பிஞ்சு வந்திருக்கிறது. முதல் பிஞ்சை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்துக்கொண்டு, காவ்யாவிடம் சொல்லிப் பாரிசுக்குப் போன் போட்டேன். இங்கே இன்னும் மரமெல்லாம் மொட்டையாகத்தான் நிற்கிறது என்றான். அவன் காதில் விழும்படி ஒரு கடி கடித்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். அக்கா எனக்கு விட்டுப்போனது இந்த வேலையைத்தான். விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க இனி என்னால் ஆகாது.