ஆம்புலன்சுக்கு மட்டும் வழி

நெமேசியா திக்கோனாவுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. கொச்சபாம்பா நகரில் எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் பத்தொன்பது வருடம் அவளோடு வேலை பார்த்தவள் நான். என் சொந்த அக்கா கால்மணி நேரம் பிந்தி வந்தபோது, "மருந்து வீரியம் போயிடுச்சு, திங்கக்கிழமை வாங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் அனுப்பியவள்.

நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க, கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் பிடிப்போம். அந்த மருந்து ஊறும், மஞ்சள் கதிரியக்கப் படம் ஒட்டிய ஈயப் பெட்டியைப் பசு என்போம். தினமும் கறப்போம். மிஞ்சினால் பத்து நாள், வற்றிவிடும். புதுப் பெட்டி வந்தாக வேண்டும்.

அந்த வாரம் தண்ணீர் கேட்டு ஊரெல்லாம் சாலை மறியல். நெமேசியாவும் தன் முறைக்கு விடியற்காலையில் போய் நின்றாள். நின்றதோடு விட்டாளா? பேட்டைத் தலைவர் காசிமிரோவுக்கே சட்டம் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஆம்புலன்ஸ் மட்டும் விடுங்க. வேற எவன் வந்து அழுதாலும் விடாதீங்க. ஒருத்தனை விட்டா ஊரே வரும்."

மதியம் அவள் தம்பி மனைவி ஹசிந்தாவை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். பிரசவ ஆபரேஷன் ஆகி ஆறாம் நாள். மூச்சு வாங்கியது.

"அண்ணி, நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு. புள்ள பாலுக்கு அழுவான், சீக்கிரம் பாத்து அனுப்புங்க."

சி.டி. மெஷின் பழுதாகி மாதக்கணக்காகிறது. டாக்டர் தயங்கினார். "கட்டின்னு தெரியாம ரத்தத்தை இளக்குற மருந்து குடுத்தா, தையல்ல ரத்தம் கொட்டும். ஸ்கேன் எடுங்க, நெமேசியா."

"இன்னிக்குப் புதுப் பெட்டி வரணும், வந்துட்டே இருக்கு டாக்டர்."

பழைய பெட்டியைக் கறந்து பார்த்தாள், ஒன்றுக்கும் ஆகவில்லை. புதுப் பெட்டி கொண்டுவரும் வண்டிக்காரனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. நாலு மணிக்கு டாக்டர் துணிந்து, ரத்தத்தை இளக்கும் மருந்தை ஏற்றச் சொன்னார். அந்த மருந்து வந்து சேருவதற்குள் ஹசிந்தா போய்விட்டாள்.

மறுநாள் துக்கம் கேட்கக் துக்க வீட்டில் மெல்லும் கோக்கா இலைப் பையோடு காசிமிரோ வந்தார். நல்ல மனுஷன்தான். நெமேசியாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றே சொன்னார்.

"நேத்து நீ போனப்புறம் மஞ்சப் படம் ஒட்டின டாக்சி ஒண்ணு வந்துச்சும்மா. ஆஸ்பத்திரிப் பெட்டின்னு அந்த ஆளு கால்ல விழாத குறை. ஆம்புலன்ஸ் இல்லியேன்னு திருப்பி அனுப்பிட்டோம். உன் சொல்லை நாங்க மீறல."

அவள் ஒருநாளாவது தலைகுனிய வேண்டும் என்று நான் எத்தனையோ முறை ஆசைப்பட்டிருக்கிறேன். சீ, என்ன ஆசை அது.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன பெட்டி, அக்கா?"