ஆக்சிஜன் குறைந்த காற்றும் என் மனைவியின் ஓட்டமும்

என் மனைவி ஓட்டக்காரி. அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர், அவள் அங்கேயே, தைத்த பனியன்களில் பிழை பார்க்கும் செக்கிங்கில் இருக்கிறாள். பள்ளியில் ஓடியவள், கல்யாணம், குழந்தை என்று விட்டுவிட்டாள். மகள் கல்லூரிக்குப் போன பிறகு மறுபடி ஷூ மாட்டினாள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான போட்டிகளில் எண்ணூறு மீட்டர் ஓடுவாள்.

மாநிலப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், மைதானத்தின் வளைவில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். அழவில்லை, கோபமாக இருந்தாள்.

"தசை கிழிஞ்சிருச்சுங்க. எனக்கே தெரியுது."

ஸ்கேனும் அதையே சொன்னது. கோயமுத்தூரில் விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் போனோம்.

"ரெஸ்டும் எக்சர்சைசும்தானுங்க முக்கியம். அதோட ரெண்டு சேத்துப் பாக்கலாம்," என்றார் அவர். "மலை மேல இருக்கற மாதிரி ஆக்சிஜன் கம்மியான காத்தை மாஸ்க் வழியா கொஞ்ச நேரம் சுவாசிக்கோணும். அப்பறம் சாதாரணக் காத்து. இப்படி மாத்தி மாத்தி. அதைச் சமாளிக்க உடம்பு புது ரத்தக்குழாய்களை வளக்கப் பாக்கும். அடிபட்ட தசை ஆறுறதுக்கு உதவலாம். இன்னொண்ணு அமினோ அமிலப் பவுடர். தசை வளர்றதுக்கான சத்து."

"உதவுமா, உதவலாமாங்க?" என்று கேட்டாள் மனைவி.

மருத்துவர் சிரித்தார். "உதவலாம். ஆராய்ச்சி நடந்துட்டுத்தான் இருக்குது. அதுக்கு மேல சொன்னா பொய்யாயிருமுங்க."

அந்தப் பதிலால்தான் அவள் ஒப்புக்கொண்டாள். இதயத்தையும் ரத்தத்தையும் சோதித்த பிறகே மாஸ்க் போட்டார்கள். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க எனக்கு வியர்த்தது. அவள் மாஸ்க்கை லேசாக விலக்கினாள்.

"வெளிய போயி டீ குடிச்சுட்டு வாங்க. உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு முட்டுது."

பவுடர் ஒரே கசப்பு. எலுமிச்சை ஜூஸில் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். வாங்குவதற்கு முன்பே, தடை செய்த மருந்து எதுவும் கலந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டாள். "டெஸ்ட்ல ஏதாவது வந்து என்ற பேரு கெட்டுரக் கூடாதுங்க," என்றாள்.

கம்பெனியில் டீ இடைவேளையில் செக்கிங் மேஜையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி இறக்குவாள். பக்கத்து மேஜையில் வேலை செய்யும் ஒடிசாப் பெண் "ஏக், தோ" என்று இந்தியில் சத்தமாக எண்ணுவாள். சில நாட்கள் வலி திரும்பிவிடும். ஆனால் ஒருநாள்கூடப் பயிற்சியை விட்டதில்லை. மாதங்கள் கழித்து மெதுவாக ஓட ஆரம்பித்தாள். அந்த வருடப் போட்டி போய்விட்டது. அடுத்த வருடம் ஓடினாள்.

இரண்டாவதாக வந்தாள். கடைசி வளைவில் அவள் வேகம் எடுத்தபோது நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மைதான ஓரத்தில் அந்தப் பவுடர் கம்பெனிக்காரர் ஸ்டால் போட்டிருந்தார். நடந்ததை நான்தான் அவரிடம் பெருமையாக உளறிவைத்தேன். உடனே அவர் வீடியோ எடுக்கப் போனோடு அவளிடம் வந்தார்.

"அக்கா, கால் எங்க பவுடர்லதான் குணமாச்சுன்னு ஒரு வரி பேசிக் குடுங்க. வருசம் பூரா டப்பா இலவசம்."

"பவுடர் குடிச்சேனுங்க. மாஸ்க் போட்டேன். ரெஸ்ட் எடுத்தேன், எக்சர்சைசும் பண்ணுனேன். எது குணமாக்குச்சுன்னு எனக்கே தெரியாதுங்களே."

"சும்மா ஒரு வரிதானுங்க்கா."

"குடிச்சேன்னு வேணா சொல்றேன். அதுல குணமாச்சுன்னு சொல்லமாட்டேன். என்னையப் பாத்து அடிபட்ட புள்ளைக பவுடரை மட்டும் நம்பிட்டா என்ன பண்றதுங்க?"

அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நானாக இருந்தால் சிரித்துக்கொண்டே பேசிக் கொடுத்திருப்பேன். பதக்கம் வாங்கும்போது அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது அவள் பக்கத்தில் நிற்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை கம்பெனியில், அவள் யாருக்கும் தெரியாமல் டிபன் பைக்குள் வைத்திருந்த பதக்கத்தை எடுத்து, கட்டிங் மேஜையிலிருந்து அயர்ன் மேஜை வரைக்கும் காட்டிக்கொண்டு நடந்தேன்.

"போதும் உடுங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள்.

பார்க்கட்டும் என்றுதானே கொண்டுபோனேன்.