கையும் முகமும் தெரிய ஒரு டார்ச்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி

போன மழைக்காலத்தில் எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டில் நான்கு நாள் கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். முதல் நாளிலேயே எங்கள் இரண்டு போன்களும் அணைந்துவிட்டன, மெழுகுவத்தியும் தீர்ந்துவிட்டது. மிச்ச மூன்று ராத்திரியும் கும்மிருட்டு. இது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் என் கணவர் ரகுவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் பேசிக்கொள்வது சைகை மொழியில். வெளிச்சம் போனால் எங்கள் வீட்டில் பேச்சும் போய்விடும். அவர் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தேன். நான்கு எழுத்து தாண்டுவதற்குள் கூச்சம் தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

கரண்ட் வந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: “பக்கத்துலயே நீ இருந்த. ஆனா நான் தனியாதான் இருந்தேன்.” (சைகையில் சொன்னதை நான் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். அவர் கை இதைவிட அழகாகச் சொல்லும்.)

அது ஒரு வருஷமாக என் மனசை அரித்துக்கொண்டிருந்தது. பகல் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் பேசிச் சம்பாதிப்பவள் நான். சொந்த வீட்டுக்காரரிடம் மூன்று ராத்திரி ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அடுத்த மழைக்குள் இதற்கு ஒரு வழி பார்த்தே ஆக வேண்டும் என்று அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். இன்வெர்ட்டர் வைக்கலாமே என்பீர்கள். தரைத்தளத்து வாடகை வீட்டில் தண்ணீர் முதலில் தேடி வருவது அதைத்தான். எனக்கு வேண்டியது எப்போதும் பையில் கிடக்கிற, சார்ஜ் போடக்கூடிய சின்ன டார்ச். மாடிப்படியிலும் பஸ் நிறுத்தத்திலும்கூட நாங்கள் பேச வேண்டுமே.

மதியம் 2.30க்குப் புறப்பட்டு, ஷேர் ஆட்டோவில் ஆளுக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கினோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் எலக்ட்ரிகல் கடை. என்ன வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் ஒரு டப்பாவை உடைத்துவிட்டார்.

“இத்த பாருக்கா. ஜூம் கீது. அடிச்சேன்னு வெச்சுக்கோ, எதுர் பில்டிங் மொட்டமாடில கீற ஆளு மூஞ்சி தெரியும்.”

“எதிர் பில்டிங் ஆளோட மூஞ்சி எனக்கு எதுக்குண்ணா?”

“இருக்கட்டுமேக்கா, பவருக்கு சொல்றேன்.”

டப்பாவில் ஒரு லட்சம் லூமென் என்று போட்டிருந்தது. லூமென் என்பது வெளிச்சத்தின் மொத்த அளவு. இந்த விலைக்கு ஒரு லட்சம் என்பது சும்மா உதார், அதில் நூற்றில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே என்று 450 ரூபாய்க்கு வாங்கினேன். ரகு என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஆவடிக்கு ரயில் கட்டணம் ஐந்து ரூபாய், பயணம் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆவடி மார்க்கெட்டில் ஒரு செல்போன் கடையில் இரண்டாவது டார்ச் கிடைத்தது. கட்டைவிரல் நீளம்தான், 60 கிராம். சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம், செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். விலை 1,150. பகலிலேயே கண்ணைப் பறித்தது. இதுதான் நாம் தேடியது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். ரகுதான், பூந்தமல்லியில் அவர் ஃபேக்டரிக்காரர்கள் ஹெல்மெட்டும் கையுறையும் வாங்கும் கடை இருக்கிறது, அதையும் பார்த்துவிடுவோம் என்றார். ஃபேக்டரியில் இயந்திரத்துக்கு அடியில் படுத்துப் பழுது பார்க்கிறவர் அவர். வெளிச்சத்தைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். இது எனக்கு அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி சுமார் பத்து கிலோமீட்டர், நெரிசலில் 40 நிமிஷம். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ரகுவிடம் மாற்றுத்திறனாளி பாஸ். இருவருக்கும் சேர்த்துச் செலவு பூஜ்யம்! அந்தக் கடையில் மூன்றாவது டார்ச். தலை மட்டும் ஆங்கில எல் எழுத்து மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருக்கும், அதை வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். சட்டையில் குத்திக்கொள்ள கிளிப். முகப்பில் பால் கண்ணாடி, அதனால் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியாமல் பரவி விழும், நிறமும் கொஞ்சம் மஞ்சள். 95 கிராம், 1,680 ரூபாய். டப்பாவில் வெறும் 600 லூமென். என் முகம் சுருங்கியது, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் பருத்திப்பட்டில் இறங்கியபோது மணி 6.10. ஏரிக்கரை நடைபாதையில் வேர்க்கடலை தின்றுகொண்டு குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே, மரத்தடியில் இருட்டான ஓர் இடமாகப் பார்த்து எதிரெதிரே நின்றோம். சோதனைக்கு ஒரே வாக்கியம்: “நாளைக்குப் பால் வாங்க மறந்துடாத, போன வாரம் மாதிரி.”

ஜூம் டார்ச்சை ஒரு கையில் பிடித்ததுமே தவறு புரிந்துவிட்டது. பேசுவதற்கு மிச்சம் ஒரு கைதான். அந்தக் கையில் இட்லித் தட்டு அளவுக்கு வெளிச்சம் விழுந்தது, முகம் இருட்டில். சைகையில் கோபமா கேலியா கேள்வியா என்பதை முகம்தான் சொல்லும். ரகுவுக்குப் பால் மட்டும் புரிந்தது. என்ன பால், எதற்குப் பால் என்று புரியவில்லை.

இரண்டாவதைத் துப்பட்டாவில் செருகிக்கொண்டேன். அது என் கைகளைச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுக்க வைத்தது. நான் சற்று அசைந்ததும் நேராக ரகுவின் கண்ணில் அடிக்க, அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இரண்டு நிமிஷத்தில் டார்ச் சுட ஆரம்பித்து, தானாகவே வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டது. நடைபயிற்சிக்கு வந்த ஒருவர், “இன்னாம்மா, சினிமா ஷூட்டிங்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவதை இடுப்புக்கு மேலே குத்தி, டார்ச்சின் தலையை என் முகத்தைப் பார்க்கத் திருப்பி, நடுத்தர அளவில் வைத்தேன். இரண்டு கையும் முகமும் பளிச்சென்று தெரிய, ரகுவின் கண்ணும் கூசவில்லை. பால் கதை முழுசாகப் போய்ச் சேர்ந்தது, அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி கரண்ட் போனாலும் பேசலாம், தனியாக இருக்க வேண்டாம் என்று கை வலிக்கப் பேசிக்கொண்டே போனேன். கடைசியில், “எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு நின்றேன்.

எதிரே ஏதோ அசைந்தது. என் முகத்தின் மேலேயே வெளிச்சம் இருந்ததால், முன்பு நிழலாகவாவது தெரிந்த ரகு இப்போது சுத்தமாகத் தெரியவில்லை. “என்ன?” என்றேன். மறுபடியும் அசைந்தது. மறுபடியும், “என்ன?” என்றேன்.

அவர் கிட்டே வந்து, என்னிடமிருந்து டார்ச்சைக் கழற்றித் தன் சட்டையில் குத்திக்கொண்டார். கையும் முகமும் தெரிந்தன.

“இப்ப தெரியுதா? போன வருஷமும் நான் பேசிக்கிட்டுதான் இருந்தேன். நீதான் பாக்கல.”

அவர் கை நிற்கவில்லை.

“மொத ராத்திரி, பயப்படாதன்னு சொன்னேன். ரெண்டாவது ராத்திரி, ரசத்துல உப்பே இல்லன்னு சொன்னேன். மூணாவது ராத்திரி கைய மடக்கி வெச்சுக்கிட்டேன்.”

நான் சொல்வது அவருக்குப் போய்ச் சேரவில்லையே என்றுதான் ஒரு வருஷமாக மருகிக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது எனக்கு வந்து சேரவில்லை என்பது ஒரு தடவைகூட என் மண்டையில் உதிக்கவில்லை. காது கேட்கிறவள் நான்தானே என்கிற நினைப்பு! அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். ரகு தன் சட்டையிலிருந்த டார்ச்சை என் பக்கம் திருப்பி, அழுகிறேன் என்று பார்த்துக்கொண்டு, மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “அழாத. ரசத்துல உப்பு போடு, போதும்.”

கடை 8.30க்கு மூடிவிடும் என்பதால் உடனே ஆட்டோ பிடித்தோம், பூந்தமல்லிக்கு 180 ரூபாய். நாங்கள் டார்ச்சை மாற்றி மாற்றிப் பிடித்துப் பேசுவதை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

“அண்ணாத்தேக்குக் காது கேக்காதாக்கா?”

“ஆமாண்ணா.”

“மின்னமே சொல்றதில்ல?” என்று உள்விளக்கைப் போட்டுவிட்டார். “பேசிக்கினே வாங்க. ரோடு எனக்குத் தெரியும்.”

எட்டு ரூபாய் பல்பாகத்தான் இருக்கும். அதன் வெளிச்சம் இரண்டு பேர் மேலும் சமமாக விழுந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், “இன்னாக்கா, எரியலையா?” என்று பதறினார். “நல்லா எரியுதுண்ணா, இன்னொண்ணு குடுங்க” என்றேன். ரகு அதைக் கடை வாசலிலேயே குத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். பஸ் நிறுத்தத்தில் பேசினார், பஸ் வந்தும் பேசினார். ஆறு வருஷக் கல்யாணத்தில் அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. இருட்டுகிற நேரத்தில் அவர் வாயடைத்துப்போவதை, களைப்பு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

டார்ச் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டப்பாவில் போட்ட எண்ணை நம்பாதீர்கள். கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலைக்கு, தூரம் அடிக்கிறதைவிடப் பரவி விழுகிறதே நல்லது. கை காலியாக இருக்கும்படி கிளிப் உள்ளதாக வாங்குங்கள். நடுத்தர வெளிச்சத்தில் எங்களுடையது நாலரை மணி நேரம் தாங்குகிறது, ஆனாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டு வையுங்கள். மதியம் கிளம்பினால் மூன்று ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கடைக்குப் போவதற்கு முன், எந்த டார்ச், எத்தனை டார்ச் என்று அந்த வெளிச்சத்தில் உங்களோடு இருக்கப்போகிறவரைக் கேளுங்கள். நான் எல்லாவற்றையும் ரகுவுக்காக என்றுதான் செய்தேன், அவரை மட்டும் கேட்கவில்லை.