சாம்பல் கிளிகள் அடித்த போன்

நான் பேயை நம்புகிறவன் அல்ல. விருதுநகரில் இருபத்தைந்து வருடமாகப் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்து எழுதியே வயிறு வளர்ப்பவன். இதை நான் புனைந்திருந்தால் கடைசியிலாவது கொஞ்சம் சிரிக்க வைத்திருப்பேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

போன வருடம், தீபாவளி சீசன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்தும் தனுஷ்கோடி அண்ணாச்சி, கம்பெனிக் காம்பவுண்டை ஒட்டியே ஒரு பறவைப் பண்ணை கட்டியிருந்தார். பண்ணை என்றால் அவருக்குக் கோபம் வரும். 'பன்னாட்டு அரிய பறவைகள் பாதுகாப்பு மையம்'. கல்வெட்டில் மையத்தின் பெயரைவிட அவர் பெயர் பெரிது. அதற்கு முன்னால் 'பறவைகளின் தந்தை' என்று வேறு. அழியும் இனங்களைக் காக்க வெடிக் கம்பெனிப் பக்கத்தில் இடம் பார்த்த முதல் தந்தை இவராகத்தான் இருக்கும். திறப்பு விழா மலர் எழுத என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்.

கிளிகளைப் பார்த்துக்கொள்வது கருப்பம்மாள். அவள் மகள் ரோஜாவுக்கு அண்ணாச்சியின் கம்பெனியில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை. அங்கே ஓர் அறைக்கு நாலு பேர்தான். போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சீசன் நேரத்தில் அண்ணாச்சி மறக்காத சட்டம் இந்த இரண்டும்தான்.

அன்று மாலை ஆறு நாற்பது. கரண்ட் போயிருந்தது. கிளி அறையில் நானும் கருப்பம்மாளும் மட்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகள் இரண்டு ஜோடி, நாலும் தனித்தனிக் கூண்டில். வந்து நாலே நாள். அதுவரை வாயே திறக்கவில்லை.

போன் அடித்தது. நாதஸ்வரம்.

"ஓம் போனாம்மா?"

"எம் போனு மடியில கெடக்கு சார். இது கிளி. மொதக் கூண்டு. அண்ணாச்சி வாங்குன கிளியில்ல... காசு செலவில்லாம மிஸ்டு கால் குடுக்குது."

சிரித்தேன். இந்தக் கிளி எந்த ஓசையையும் பிடித்துக்கொள்ளும். முன்பிருந்த இடத்தில் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

நாதஸ்வரம் முழுதாக அடித்து நின்றது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி அடித்தது. எடுக்காத ஆளை யாரோ விடாமல் கூப்பிடுவது போல.

இரண்டாவது கூண்டு. ரயில் கூவியது.

மூன்றாவது. தவளை.

டார்ச் அடித்தேன். நாலு கிளியும் கம்பெனிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன. அலகுகள் மூடியிருந்தன. ஓசை மட்டும்... வந்துகொண்டே இருந்தது.

பிறகு நான்காவது கூண்டு.

"ஏட்டி... போன எடுட்டி! காது அடைச்சுப்போச்சா?"

கருப்பம்மாளின் குரல்.

கருப்பம்மாள் என் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சார்... அது ரோஜா போனுல உள்ள ரிங்கு. நான் அவள ஏசுனத எனக்குத் தெரியாம ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கா."

"அவ இங்க வந்திருப்பாளா?"

"இந்தப் பக்கமே எட்டிப் பாத்ததில்ல சார்."

மடியிலிருந்த போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "என்னம்மா?" என்றாள் ரோஜா. வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தாளாம். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கூண்டில் மறுபடி... "ஏட்டி... போன எடுட்டி!"

"நாளைக்கு வேலைக்குப் போகாத."

"கிறுக்கா ஒனக்கு? சீசன்மா. போர்மேன் கொன்னே போடுவாரு."

நான் போனை வாங்கி, "ஒரு நாள் லீவு போடும்மா" என்றேன். எந்தக் காரணமும் சொல்ல முடியவில்லை.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். நாளைக்கு ரோஜா வேலை செய்கிற அறையை மட்டுமாவது பூட்டி வையுங்கள் என்றேன்.

"கிளி நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அப்புறமென்ன? ஆர்டர் மலையாக் குமிஞ்சு கெடக்கு. நீங்க மலர எழுதுங்க." வைத்துவிட்டார்.

மறுநாள் கருப்பம்மாள் வேலைக்கு வரவில்லை. மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

பதினொன்றே கால். நான் மையத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மேஜை குலுங்கியது. பிறகுதான் சத்தம்.

ரோஜாவின் அறை. நான் ஓடிப்போனபோது அங்கே சுவர் இல்லை. ஆளும் இல்லை. செய்வதற்கும் ஒன்றும் இல்லை.

வாசலில் வாட்ச்மேன் மொக்கைச்சாமி, போன் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். உயிரோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரவர் போனை எடுத்துக்கொண்டார்கள்.

நாலு போன் மிச்சம்.

செய்தி ஊருக்குப் போய்விட்டது. பெட்டி அடிக்கத் தொடங்கியது.

நாதஸ்வரம்.

ரயில்.

தவளை.

கருப்பம்மாள் ரோஜாவின் கையைப் பிடித்தபடி ஓடிவந்தாள். ரோஜாவின் போன் ரோஜாவின் கையில். அது அடிக்கவில்லை.

பெட்டிக்குள்...

"ஏட்டி... போன எடுட்டி! காது அடைச்சுப்போச்சா?"

நின்றது.

மறுபடி.

கருப்பம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"யார் போன் அது?" என்றேன்.

"முத்துச்செல்வி சார்," என்றார் மொக்கைச்சாமி. "பேக்கிங்ல கெடந்த புள்ள. ரோஜா வரல... அறைக்கு நாலு பேரு வேணும்ல? போர்மேன் அங்கன ஏத்திவிட்டாரு."

திறப்பு விழா இரண்டு வாரம் தள்ளிப்போனது. கிளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் அவை ஓசையே எழுப்பவில்லை.

முத்துச்செல்வியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். ரோஜா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவ புதுப் போனு வாங்கி, வெடிக்கிறதுக்கு முந்துன நா ராத்திரிதான் சார் எங்க வீட்டுக்குக் கொண்டாந்து காட்டுனா. எங்கம்மா வையிற ரிங்கக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கும் அனுப்புட்டின்னா. அனுப்புனேன். அப்பவே ரிங்கா வச்சுக்கிட்டா."

"எத்தன மணிக்கும்மா?"

"எட்டரை இருக்கும் சார். லீவு போடச் சொல்லி நீங்க பேசுனீகள்ல... அதுக்கப்புறந்தான்."