மதாம் கேட்ட மன்னிப்பு

சண்டைக் காலத்தில் வில்லியனூரில் ஒரு யூத மதாம் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த வெள்ளைக்காரச் சீமாட்டி. என்னிடம்தான் தமிழ் பழகினார். ஒரு மத்தியானம், இடுப்பொடியப் பாத்திரம் துலக்கிவிட்டு உட்கார்ந்த என் எதிரில் வந்து நின்றார்.

"இன்னிக்கு பொழுது சாஞ்சா நாளைக்கு இருட்டற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். எங்க சாமிகிட்ட மன்னிப்பு கேக்கற நாளு. அதுக்கு முன்னாடி உங்கிட்ட கேக்கணும்."

"இன்னாத்துக்கு மதாம்?"

"உங்கம்மா சாவக் கெடந்தப்ப, விருந்தாளி வராங்கன்னு உன்ன அனுப்பல."

நான் எங்கள் ஊர் மடுகரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் ஒன்னுமில்ல மதாம்" என்றேன். வேலைக்காரியின் வாயில் தானாக வருகிற பதில்.

அவர் நகரவில்லை. "இருக்குது. நெசமா சொல்லு."

மறுபடியும் அதையே சொன்னேன். அவர் மூன்றாம் முறையும் கேட்டார்.

"மன்னிக்க முடியல மதாம்."

அவர் கோபிக்கவில்லை, வேலையை விட்டும் நிறுத்தவில்லை. மெல்லத் தலையை ஆட்டினார்.

மறுநாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. வெள்ளை உடுத்தி, காலில் செருப்பில்லாமல், புத்தகமும் கையுமாக நாளெல்லாம் நின்றார். நானும் சாப்பிடவில்லை, பிடிக்கவில்லை. இருட்டி, வானத்தில் மீன்கள் தெரிந்ததும் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கேட்டதைக் கொடுக்கவில்லை.

அவருக்கு முன்னும் பின்னும் என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படிக் கொடுப்பதென்று எனக்குத் தெரியாமல் போனது அதனால்தானோ என்னவோ.